கடும் நோயும் பேறுகால விடுமுறையும்: எந்த நாள் எந்தக் கணக்கில்?

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 29ஆம் வாரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டிவிட்டது, சிறுநீரில் புரதமும் இறங்குகிறது. கிளினிக்கிலிருந்து நேரே ஜார்ஜ்டவுன் மருத்துவமனை வார்டு. பிள்ளை பிறக்க இன்னும் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. மறுநாள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவான எச்.ஆரிலிருந்து போன்: "கவலைப்படாதீங்க, பேறுகால விடுமுறையை இன்னையிலிருந்தே போட்டுடுறோம்."

கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சரி' என்று சொல்லிவிட்டால் சட்டம் தரும் 98 நாள் பேறுகால விடுமுறையில் பெரும்பகுதி வார்டுக் கட்டிலிலேயே கரைந்துபோகும். பிள்ளையைக் கையில் வாங்கும் நேரத்தில் கொஞ்ச நாளே மிஞ்சும். போனில் பேசியவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். 'கர்ப்பம் என்றால் பேறுகால விடுமுறை' என்று பலரும் நினைக்கிறார்கள், அவ்வளவுதான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 'நோயுற்ற தாய்க்கான விடுமுறை' என்று தனியாக ஒன்று கிடையாது. மூன்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன: சாதாரண எம்.சி. (டாக்டர் தரும் சான்று, அதன் பேரில் எடுக்கும் நோய் விடுமுறை), மருத்துவமனை விடுமுறை, பேறுகால விடுமுறை. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் விழும். எதில் விழுகிறது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஒன்று தேதி, மற்றொன்று டாக்டர் எழுதும் கடிதம்.

யாருக்குப் பொருந்தும்

2023 ஜனவரி 1 முதல், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் பேறுகாலப் பாதுகாப்பு உண்டு. சம்பளம் எவ்வளவு என்பது கேள்வியில்லை. திருமணம் ஆனவரா, வெளிநாட்டுத் தொழிலாளியா என்பதும் கேள்வியில்லை. வீட்டு வேலை செய்பவர்கள் இந்தப் பகுதிக்கு வெளியே நிற்கிறார்கள். அரசு ஊழியர்களுக்கு அவர்களுடைய சேவைச் சுற்றறிக்கைகள் தனி. நிறுவனத்தின் கையேடு சட்டத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளலாம். குறைவாகக் கொடுத்தால் அந்த வரி செல்லாது. பேறுகால உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டிருந்தாலும் அது செல்லாது.

98 நாளை எண்ணுவது எப்படி

98 நாள் என்பது தொடர்ச்சியான நாட்காட்டி நாள்கள். ஞாயிறும் சேரும், தீபாவளியும் சேரும். பிள்ளை பிறப்பதற்கு 30 நாளுக்கு முன்னதாக இது தொடங்க முடியாது, பிறந்த மறுநாளைத் தாண்டித் தள்ளிப்போகவும் முடியாது. மார்ச் 10இல் பிரசவம், மறுநாள் விடுமுறை தொடக்கம் என்றால் 98ஆம் நாள் ஜூன் 16. ஜூன் 17இல் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

அந்த 30 நாள் எல்லைக்கு முன்னால் வீட்டிலிருந்த நாள்களைச் சட்டம் பேறுகால விடுமுறையாகவே கருதாது. அந்த நாள்களுக்குப் பேறுகால ஊதியமும் இல்லை. ஆக, பிரசவத்துக்குப் பத்து வாரத்துக்கு மேல் இருக்கும்போதே 'போட்டுடுறோம்' என்ற எச்.ஆரின் யோசனை சட்டப்படி நிற்காது. அந்த வாரங்கள் நோய் விடுமுறைக் கணக்கில்தான் போக வேண்டும். இதை எழுத்தில் கேட்பது நல்லது: "பிள்ளை பிறக்கும் வரையிலான நாள்களை நோய் விடுமுறையாகப் பதியுங்கள்." ஒரு வரி போதும்.

பிரசவம் என்றால் என்ன என்பதற்கும் சட்டத்தில் வரையறை இருக்கிறது: குறைந்தது 22 வாரம் ஆன கர்ப்பம், பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும். 24ஆம் வாரத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கும் முழு 98 நாளும் உண்டு. 'பிள்ளைதான் இல்லையே' என்று சீக்கிரம் வேலைக்குக் கூப்பிடுவது மனிதத்தன்மையும் இல்லை, சட்டமும் இல்லை. 22 வாரத்துக்கு முன் கரு கலைந்தாலோ, தாயின் உயிரைக் காக்கக் கர்ப்பத்தை முடிக்க நேர்ந்தாலோ, அது நோய் விடுமுறைக் கணக்கு.

ஊதியம் வாங்க இரண்டு நிபந்தனைகள். பிரசவத்துக்கு முந்தைய நான்கு மாதத்தில் ஒரு நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். பிரசவ நேரத்தில் ஏற்கெனவே ஐந்து அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உயிரோடு இருந்தால் விடுமுறை உண்டு, ஊதியம் இல்லை.

மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான சம்பளம் குறையாமல் வந்தால் சரி. நாள் கூலிக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 70 ரிங்கிட் என்றால் 98 நாளுக்கு 6,860 ரிங்கிட். வாரம் ஆறு நாள் என்று கணக்குப் போட்டு 84 நாளுக்கு 5,880 கொடுப்பது தவறு. சட்டம் 'ஒவ்வொரு நாளுக்கும்' என்கிறது, வேலை நாளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வேலை செய்து வாங்கும் காசு இந்த விகிதத்தில் சேராது. அந்தக் காசை நம்பி வீட்டுத் தவணை கட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

பிள்ளை பிறக்கும் முன் நோய் வந்தால்

எம்.சி. ஆண்டுக்கு 14 நாள், இரண்டு ஆண்டு சேவைக்குப் பின் 18, ஐந்து ஆண்டுக்குப் பின் 22. மருத்துவமனை விடுமுறை ஆண்டுக்கு 60 நாள். முன்பெல்லாம் எம்.சி. நாள்கள் இந்த 60க்குள் அடங்கின. 2023இலிருந்து இரண்டும் தனித்தனி. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு மூன்று ஆண்டு சேவை, ஆக அவர் கையில் இருப்பது 18ம் 60ம், மொத்தம் 78 நாள்.

இனி முக்கியமான இடம். அவர் வார்டில் 12 நாள் இருக்கிறார். அழுத்தம் கொஞ்சம் இறங்க, வீட்டில் படுத்த படுக்கையாக 14 நாள் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். மறுபடி தலைவலி, கண்ணில் மின்னல். மீண்டும் வார்டு, இரண்டு நாளில் 33ஆம் வாரத்தில் அறுவைசிகிச்சை. மொத்தம் 28 நாள். நடுவில் வீட்டிலிருந்த 14 நாள் எந்தக் கணக்கு?

வீட்டில்தானே இருந்தார் என்று எம்.சி.யில் கழித்தால் 18இல் 4தான் மிஞ்சும். ஆனால், மருத்துவமனையில் இருக்க வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்து, ஏதோ காரணத்தால் அவர் அங்கே படுக்கவில்லை என்றால், மருத்துவமனையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். அந்த வாசகம் சான்றிதழில் இருந்தால் 14 நாளும் 60 நாள் கணக்கில் போகும், 18 நாள் எம்.சி. அப்படியே நிற்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். வெறும் 'ஓய்வு தேவை' என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றச் சொல்லி அலைய வேண்டும். பரபரப்பான வார்டில் டாக்டருக்கு இந்த வித்தியாசம் நினைவிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கேட்டால் எழுதுவார்.

அடுத்தது 48 மணி நேரம். நோய் விடுமுறை தொடங்கிய 48 மணிக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் கையில் எம்.சி. இருந்தும் அந்த நாள்கள் அனுமதியின்றி வராத நாள்களாக எண்ணப்படும். அனுமதியும் தகவலும் இன்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருப்பது ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ளப்படும். வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் பெண் எப்படித் தகவல் சொல்வார்? கணவரோ அம்மாவோ அனுப்பலாம். போன் அடித்துச் சொல்வதைவிட வாட்ஸ்அப் செய்தி மேல், நேரமும் தேதியும் தானாகவே பதிந்துவிடும். இப்படி எழுதினால் போதும்: "என் மனைவி, ஊழியர் எண் இன்னது, இன்று காலை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். எம்.சி. கிடைத்ததும் அனுப்புகிறேன்." மேற்பார்வையாளருக்கு மட்டும் அனுப்பாமல் எச்.ஆருக்கும் சேர்த்து அனுப்புங்கள். மேற்பார்வையாளர் ஷிப்டு மாறிப் போயிருப்பார்.

நிறுவனம் நியமித்த பேனல் கிளினிக் எம்.சி. மட்டுமே செல்லும் என்று சில நிறுவனங்கள் பிடிவாதம் பிடிப்பதுண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கு அது சரிதான். நோயின் தன்மையைப் பார்த்தால் பேனல் டாக்டரை நியாயமான நேரத்திலும் தூரத்திலும் அடைய முடியாது என்னும்போது வேறு பதிவு பெற்ற டாக்டரோ அரசு மருத்துவ அதிகாரியோ கொடுக்கும் சான்று செல்லும். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணைப் போல முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய்) வந்தவர் பேனல் கிளினிக்கில் நம்பர் வாங்கி உட்கார்ந்திருக்க முடியாது.

98 நாளுக்குள் நோய் வந்தால்

இங்கே சட்டம் கொஞ்சம் கடுமையானது. பேறுகால ஊதியம் பெறும் காலத்தில் சம்பளத்தோடு நோய் விடுமுறை கிடையாது. பிரசவம் முடிந்த மூன்றாம் வாரத்தில் இதயத் தசை பலவீனமாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்தாலும், அந்தப் பத்து நாளும் 98க்குள்ளேயே போகும். நிறுத்திவைத்துப் பிறகு தொடரவும் முடியாது. குறைமாதப் பிள்ளை நான்கு வாரம் மருத்துவமனையில் கிடந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதற்கென்று தனியார் துறைச் சட்டத்தில் கூடுதல் நாள் இல்லை. ஆண்டு விடுமுறையில் இருக்கும்போது நோயோ பிரசவமோ வந்தால் மட்டும், அந்த ஆண்டு விடுமுறை எடுக்காததாகக் கொண்டு திருப்பித் தர வேண்டும்.

அப்படியானால் இந்த நாள்களில் எம்.சி. எதற்கு என்று தூக்கிப் போட வேண்டாம். நோய் எப்போது தொடங்கியது, எதனால் வந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் பிறகு சாட்சி.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லியே பல அறிகுறிகளைக் கடத்திவிடுகிறோம். படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் அழுதுகொண்டிருப்பது, இவை பத்தியச் சாப்பாட்டால் தீருவதில்லை. உடலுக்கு ஆபத்து என்பது ஒருபுறம். மருத்துவப் பதிவு இல்லாத நோய்க்குச் சட்டத்தில் பாதுகாப்பும் இல்லை என்பது மறுபுறம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் மற்ற நோய்களைப் போலவே சான்றளிக்கத்தக்க நோய்தான். வெட்கப்பட்டு மறைத்துவிட்டு 99ஆம் நாள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தால் அது வெறும் வராமை.

99ஆம் நாள்

பெரும்பாலும் வேலை பறிபோவது இங்கேதான். நோயும் தொடர்கிறது, சிகிச்சையும் தொடர்கிறது, நிறுவனத்துக்கும் தெரியும். அதனால் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. சட்டத்தின் கண்ணில் ஜூன் 16 நள்ளிரவோடு ஒரு கணக்கு மூடி, 17ஆம் தேதி வேறு கணக்கு திறக்கிறது. 17ஆம் தேதியிட்ட புதிய எம்.சி. வேண்டும், 48 மணி நேர விதி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டாக்டர் சந்திப்பை 98ஆம் நாளுக்கு முந்தைய வாரத்திலேயே வைத்துக்கொண்டால் இந்த இடைவெளி வராது.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணிடம் இப்போது மிச்சம் 32 நாள் மருத்துவமனைக் கணக்கில், 18 நாள் எம்.சி.யில். அதற்கு மேல் ஆண்டு விடுமுறை, அவர் சேவைக்கு 12 நாள். நோய் விடுமுறை நாட்காட்டி ஆண்டுக்கானது என்பதால் ஜனவரி 1இல் மறுபடி 78 நாள் நிரம்பும். நோய் டிசம்பரில் தொடங்கியவருக்கு இது நல்ல செய்தி. மார்ச்சில் தொடங்கியவர் ஆண்டு முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். எல்லாம் தீர்ந்தால் சம்பளமில்லா விடுமுறை. அது முதலாளியின் சம்மதத்தைப் பொறுத்தது, அதனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

நேரம் மாற்றியோ நாள் குறைத்தோ வீட்டிலிருந்தோ வேலை செய்ய எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமையும் 2023இலிருந்து உண்டு. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். 98இலிருந்து 60ஐக் கழித்துப் பாருங்கள். 38ஆம் நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால்தான் திரும்பும் நாளன்று பதில் கையில் இருக்கும்.

வேலையை விட்டு நிறுத்த முடியுமா

காலத்தைப் பொறுத்துப் பாதுகாப்பின் கனம் மாறும். கர்ப்பமாக இருக்கும் வரை, நோய் எதுவாக இருந்தாலும், வேலைநீக்கம் செய்வதோ வேலைநீக்க நோட்டீசு கொடுப்பதோ குற்றம். மூன்று விதிவிலக்குகள்தான்: ஒப்பந்த நிபந்தனையை வேண்டுமென்றே மீறுவது, விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனம், நிறுவனமே மூடப்படுவது. 48 மணி நேர விதியை நாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது முதல் விதிவிலக்கைப் பார்த்தால் புரியும். பேறுகால விடுமுறையில் இருக்கும்போது நீக்குவதும் குற்றமே, நிறுவனம் மூடினால் ஒழிய.

விடுமுறை முடிந்த பிறகு, கர்ப்பத்தால் வந்த நோயால் அவதிப்படுகிறவருக்கு அதே பாதுகாப்பு தொடர்கிறது. நீக்கியது கர்ப்பத்துக்காகவோ அதனால் வந்த நோய்க்காகவோ இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் முதலாளியின் தலையில்தான். எல்லாம் 'கர்ப்பத்தால் வந்த' என்ற சொல்லில் தொங்குகிறது. முன்சூல்வலிப்பும் அதன் விளைவான சிறுநீரகக் கோளாறும், பேறுகால இதயத் தசை நோய், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவற்றைக் கர்ப்பத்தோடு இணைப்பது டாக்டருக்குக் கடினமில்லை. கர்ப்பத்தின்போது கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் அப்படியல்ல. கர்ப்ப காலத்தில் வந்தது என்பது வேறு, கர்ப்பத்தால் வந்தது என்பது வேறு. புற்றுநோய்க்காரத் தாய்க்குக் கர்ப்பத்திலும் 98 நாளிலும் முழுப் பாதுகாப்பு இருக்கிறது. 99ஆம் நாளிலிருந்து அவர் பொதுவான நியாயமற்ற வேலைநீக்கச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது. எப்போது தொடங்கியது, கர்ப்பத்தோடும் பிரசவத்தோடும் என்ன தொடர்பு, எந்தத் தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை, எப்போது மறுபரிசீலனை ஆகிய நான்கும் வேண்டும். 'உயர் ரத்த அழுத்தம்' என்று மொட்டையாக இருந்தால், பழைய பிரஷர்தானே என்று வாதிட இடம் கிடைத்துவிடும். கர்ப்பத்துக்கு முன் அழுத்தம் சாதாரணமாக இருந்ததைக் காட்டக் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கேசிஹாத்தானில் கொடுத்த பிங்க் புத்தகத்தின் (கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவேடு) முதல் பதிவு உதவும். அதை நகலெடுத்து வையுங்கள்.

ராஜினாமா செய்யும் முன்

உடம்பு முடியவில்லை என்று ஏழாம் மாதத்தில் பல பெண்கள் தாங்களாகவே வேலையை விடுகிறார்கள். விட வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து, ஏனென்றால் மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்பும் வேலையோடு சேர்ந்தது. அப்படியும் விடுவதென்றால் ஒன்றை மறக்கக்கூடாது. நான்கு மாதத்துக்குள் பிரசவம் எதிர்பார்க்கிறவர் போகும் முன்னரே கர்ப்பத்தை முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்திருந்து, 90 நாள் நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், வேலையை விட்ட பின்னும் அந்த முதலாளியிடம் பேறுகால ஊதியம் கேட்கலாம். ராஜினாமாக் கடிதத்திலேயே பிரசவத் தேதியையும் எழுதுவது சுலபம்.

வேலையில் தொடர்கிறவர் எதிர்பார்க்கும் பிரசவத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் தேதியைத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிவிக்கும் வரை ஊதியத்தை நிறுத்திவைக்கலாம். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணைப் போல அவசரமாக வார்டுக்குப் போய்க் குறைமாதத்தில் பெற்றவர் தாமதமாகச் சொன்னாலும், நியாயமான காரணம் இருந்தால் உரிமை போகாது.

பேசத் தயங்கும் ஒன்று: பேறுகால விடுமுறையில் தாய் இறந்துபோனால், விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து இறப்புக்கு முந்தைய நாள் வரையிலான ஊதியம் அவர் நியமித்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். நியமனம் இல்லையென்றால் சட்டபூர்வப் பிரதிநிதிக்கு, அதற்கு நாள் பிடிக்கும்.

வீட்டில் மற்றவர்கள், வெளியில் மற்ற பணம்

கணவருக்கு ஏழு நாள் தொடர்ச்சியான தந்தைமை விடுமுறை, சம்பளத்தோடு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், திருமணமானவராக இருக்க வேண்டும், ஐந்து பிரசவம் வரைதான். மனைவி வார்டில் இருந்தால் கூடுதல் நாள் என்று எதுவும் இல்லை.

நோய் நிரந்தரமாக உழைக்க முடியாத நிலைக்குத் தள்ளினால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் கெயிலாத்தான் (உழைக்க இயலாமை) ஓய்வூதியம் இருக்கிறது. முழுத் தகுதிக்கான ஒரு வழி, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா. சம்பளமில்லா விடுமுறையில் சந்தா நின்றுபோகும் என்பதால் ரொம்ப நாள் காத்திருந்து விண்ணப்பிப்பது புத்திசாலித்தனமில்லை. ஊழியர் சேமநிதியான இபிஎஃபில் கடும் நோய்ச் சிகிச்சைக்கு 'அக்காவுன் செஜாத்தரா' என்னும் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு.

எங்கே போவது

ஊதியம் வெட்டினாலோ நாளைத் தவறாகக் கழித்தாலோ தொழிலாளர் இலாகா, அதாவது ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா. வேலை நியமனக் கடிதம், ஒன்பது மாதச் சம்பளச் சீட்டுகள், எம்.சி. நகல்கள், பிங்க் புத்தக நகல், வாட்ஸ்அப் செய்திகளின் படம், இவற்றைத் தேதி வரிசையில் கட்டிக்கொண்டு போனால் அதிகாரிக்கும் உங்களுக்கும் வேலை பாதியாகக் குறையும். சட்டத்தை மீறிய முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க முடியும்.

வேலையை விட்டே நீக்கிவிட்டு, வேலை திரும்ப வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் வேறு: தொழிலுறவு இலாகா, அதாவது ஜாபாத்தான் பெர்ஹூபுங்கான் பெருசாஹான். நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டோமே என்று காத்திருந்து இந்த 60 நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஒன்று மற்றொன்றுக்காக நிற்பதில்லை, இரண்டையும் அந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.